சூடான சைலன்சர்

மருமகளுக்கு நாளைக்குப் புது வேலை. சொந்த பைக்கோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். துருப்பிடித்துக் கிடந்த வண்டியை அவளே பிரித்து மாட்டிவிட்டாள். பாக்கி சைலன்சர்தான். ஆன்லைனில் வாங்கிய பழைய சைலன்சர், பதினோரு நாள் பயணப்பட்டு இன்று வந்தது.

பெட்டியைப் பிரித்த என் மகன் கையை உதறினான். "சுடுதுடி!"

"வெயில்ல வச்சிருப்பாங்க."

"வெளிய மழை பெய்யுது."

நானும் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ ஓட்டிவந்து நிறுத்தியதுபோல் கொதித்தது.

"திருப்பி அனுப்பிடு," என்றான் மகன்.

"நாளைக்கு உங்க முதுகுல ஏறியா வேலைக்குப் போவேன்? அத்தை, அந்தத் துணிய எடுங்க."

துணி சுற்றிப் பிடித்து மாட்டி, நட்டுகளை முறுக்கினாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. கெட்டிக்காரி!

உடனே அவள் போனில் விற்றவரின் செய்தி வந்தது: "அருமையா மாட்டியிருக்கீங்கம்மா. சத்தம் இங்க வரைக்கும் நல்லா கேக்குது."