கூலருக்கு அடியில்

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்வதில்தான் உலகமே நிலைத்திருக்கிறது என்பது பரந்தாமனின் முடிவு. யூடியூப் பார்த்து வந்த முடிவு. கடையிலேயே முழுதாகப் பூட்டி விற்கும் கம்ப்யூட்டரையே வாங்கித் தருவதாகச் சொன்ன மைத்துனரிடம், "எந்த பிராசஸருக்கு எந்த மதர்போர்டுன்னு தெரியாதவங்க வாங்குறது மச்சான் அது" என்று சொல்லிவிட்டார். அந்த மைத்துனர் இன்று குடும்பத்தோடு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். தனித்தனியாக வாங்கிய பாகங்களை அவர் முன்னால் பரந்தாமன் பூட்டிக்கொண்டிருந்தார். எதுவும் தப்பாகிவிடக் கூடாது. ஒவ்வொரு பாகமும் அடுத்ததில் சத்தமில்லாமல் பொருந்தியது. பிராசஸர் மேல் அதைக் குளிர்விக்கும் கூலரை வைக்கப்போகும்போதுதான், இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்துவதற்குத் தடவும் பசையை வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. "என்ன மாப்ள, கை நிக்குது?" என்றார் மைத்துனர். "ராகுகாலம் வந்துரும்ங்க" என்றாள் பரந்தாமனின் மனைவி கோமதி, பூஜைத்தட்டோடு. பரந்தாமன் தட்டிலிருந்த சந்தனத்தை ஒரு விரலில் எடுத்துப் பிராசஸரில் தடவி, அதன்மேல் கூலரை வைத்து முடுக்கினார். "இதுவும் கம்பெனி சொன்ன முறையா மாப்ள?" "இது நம்ம முறை மச்சான்." திரை ஒளிர்ந்தது. கூடமெங்கும் சந்தனம் மணந்தது. மைத்துனரின் மனைவி எழுந்து கைகூப்பினாள். மணம் தீய்ந்த வாடையாக மாறிய பிறகும் கூப்பிய கையை அவள் எடுக்கவில்லை. திரை அணைந்தது. கோமதி காலிப் பெட்டிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினாள். கூலர் வந்த பெட்டிக்குள் அந்தப் பசை ஒரு சிறு குழாயில் இருந்தது. இலவசமாகவே கொடுத்திருந்தார்கள்.