யார் காட்டிய சைகை

2023 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. தாராபுரத்தில் ஒரு கல்லூரி மைதானம். மகளிர் பேஸ்பால் லீக். உடுமலை அணி அதற்கு முன் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது.

உடுமலையின் கேப்டன் அவள். பந்தைப் பிடிக்க மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்தாள்.

முகத்தில் கம்பிக் கவசம். அதற்குள் வியர்வை. எதிரே, பந்தைக் கையுறைக்குள் உருட்டியபடி, வீசப்போகிற கௌசிகா.

கடைசிச் சுற்று. ஐந்துக்கு நான்கு என்று உடுமலை முன்னால் இருந்தது. இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் போதும். ஆனால் இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் எதிரணிப் பெண்கள் ஓடத் தயாராக நின்றார்கள். மட்டையோடு நின்றவள் அவர்களில் ஆகப் பலமான அடிக்காரி.

அவள் கோட்டுக்கு வெளியே பார்த்தாள்.

பயிற்சியாளர் துரைராஜ் சார் தொப்பியைத் தொட்டார். காதைத் தொட்டார். தொடையில் நான்கு முறை தட்டினார். அவளுக்கு மட்டுமே புரிகிற சைகை.

இவளை அடிக்க விடாதே. நான்கு பந்தை எட்டாத தூரத்தில் போட்டு, சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிடு. அடுத்து வருகிறவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரியான யோசனையா?

தெரியவில்லை.

கோவையில் சார் சொன்னபடி செய்தார்கள். தோற்றார்கள். கரூரில் அவள் சாரின் சைகையை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பந்து கேட்டாள். அங்கேயும் தோற்றார்கள். சங்கச் செயலாளர் சத்தம் போட்டபோது, "நாந்தானுங்க தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் சார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை பேருந்திலிருந்து இறங்கியதுமே செயலாளர் நாச்சிமுத்து அவளைத் தனியே அழைத்திருந்தார். தென்னை நார் மில் வைத்திருக்கிறவர். அணிக்குச் சோறும் சீருடையும் அவர் தயவு.

"கேப்டன் நீதான? மேட்ச் முடிஞ்சதும் சொல்லு கண்ணு. இந்த ஆளு இருக்கட்டுமா, மாத்திப்போடலாமா? நீ சொல்றதுதான்."

இப்போது அவள் தொடைகளுக்கு நடுவே நான்கு விரல்களை நீட்டினாள். கௌசிகாவைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

கௌசிகா தலையை ஆட்டினாள். மாட்டேன்.

மறுபடியும் நான்கு விரல்.

மாட்டேன்.

நடுவரிடம் நேரம் கேட்டு எழுந்து போனாள். இருவரும் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க்கா, இது சார் சொல்றதா, நீங்க சொல்றதா?"

"எதுக்குடி?"

"சார் சொன்னா வேண்டாம். அவரு சொல்லிச் சொல்லியேதான் ஆறு மேட்ச் போச்சு. நீங்க சொன்னாப் போடறேன்."

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. நடுவர் இவர்களை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"நாந்தான் சொல்றேன். போடு."

"அப்பச் செரி."

நான்கு பந்து. நான்கும் எட்டாத தூரத்தில். அடிக்காரி மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தாள்.

அடுத்து வந்தவள் ஒல்லியாக இருந்தாள். ஹெல்மெட் புருவம்வரை இறங்கியிருந்தது.

கௌசிகா வீசிய முதல் பந்தையே அடித்தாள்.

அது பெரிய அடி இல்லை. பந்து தரையோடு தரையாக உருண்டது. இரண்டு பேர் பாய்ந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவே போயிற்று.

மூன்றாம் பேஸில் நின்றவள் கேப்டனைத் தாண்டி ஓடி வந்து சேர்ந்தாள். ஐந்துக்கு ஐந்து. பிறகு இரண்டாம் பேஸில் நின்றவள்.

ஆறுக்கு ஐந்து. உடுமலை தோற்றது.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டியபடி மைதானத்துக்குள் வந்தார்.

"கைக்கு வந்த மேட்சு! அவளச் சும்மா அனுப்பச் சொன்னது ஆரு?"

"நாந்தானுங்க," என்றார் துரைராஜ் சார்.

கரூரில் சொன்ன அதே குரல்.

கௌசிகா அவள் முழங்கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "பாருங்க்கா. உங்களக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றாரு. இந்த மனுசனப் போயி மாத்தோணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே."

பின்னால் நின்ற பெண்கள் யாரும் மறுக்கவில்லை.

சார் சொன்னது உண்மை. அதைத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்.

நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. இருக்கட்டுமா, வேண்டாமா?"

இருக்கட்டும் என்றால் எதற்காக? வேண்டாம் என்றால் எந்தத் தோல்விக்காக? கரூர் அவருடையது இல்லை. இது அவருடையது. ஆனால் அந்த ஒல்லிப் பெண்ணின் பந்து ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் இதுவே நல்ல யோசனை. கோவை என்ன கணக்கு?

"அவரு சொல்லலைங்க. நாந்தான் சொன்னேன்."

சார் நிமிர்ந்தார். "ஏம்மா..."

"நாந்தானுங்க. கௌசிகாவக் கேளுங்க."

"ஆமாங்க," என்றாள் கௌசிகா. "அக்காதான் சொன்னாங்க. என் ரெண்டு காதால கேட்டேன்."

நாச்சிமுத்து சாரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தோத்துப்போட்டு, எனக்கு உனக்குன்னு பங்குக்கு நிக்கற ஆளுகள இப்பத்தான் பாக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது பேருந்தில் ஏறிய பிறகும் அவளுக்குப் பிடிபடவில்லை. சார் முன் இருக்கையில் இருந்தார். உடுமலை வரும்வரை திரும்பவில்லை. நன்றியா, கோபமா என்று அவர் பிடரியை வைத்துச் சொல்ல முடியவில்லை.

சங்கம் புதன்கிழமை கூடியது. பயிற்சியாளர் தொடர்வார் என்று முடிவாயிற்று. கேப்டனை மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு, கௌசிகா தலைமையில் உடுமலை அணி நாமக்கல்லில் ஆடியது. ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றது.