கச்சால் வரிசை

"இதான் கடைசி, அஞ்சம்மா. கச்சாலுக்கு இன்னொரு ஆள் வரலைன்னா அடுத்த வருசம் அந்த போர்டு கிடையாது. நீயும் ரங்கத் வரிசையில உக்காந்துக்கோ."

காலையில் மண்டபத்தில் சேர் போடும்போதே அப்பா சொல்லிவிட்டார். அவர்தான் சங்கச் செயலாளர்.

"வருவாங்கண்ணே" என்றார் அஞ்சம்மாள் அத்தை.

அந்தமான் நிக்கோபாரிலிருந்து திரும்பி, திண்டிவனத்தைச் சுற்றிக் குடியேறியவர்கள் வருடா வருடம் கூடும் தீவு விழா. கச்சால், ரங்கத், மாயாபந்தர் என்று அங்கே அவரவர் இருந்த தீவுக்கோ ஊருக்கோ ஒரு வரிசை, முன்னால் ஒரு பெயர்ப் பலகை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. மாயாபந்தர்காரர்கள் சேர் போதாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கச்சால் வரிசையில் அத்தை மட்டும். பக்கத்து சேரில் அவர் பை.

"ஒரு வரிசையையே வளைச்சிக்கினு உக்காந்திருக்குது பாரு" என்றாள் ஒருத்தி, அவர் காதில் விழும்படி.

அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பேட்ஜ் எழுதித் தருவது என் வேலை. ஒருவர் வந்து நின்றார்.

"பேருங்க?"

"சீனுவாசன்."

"எந்தத் தீவு?"

"கச்சாலு."

நிமிர்ந்து பார்த்தேன். காலையில் அப்பா உள்ளே இருந்தபோது, வாசலில் வேனிலிருந்து சேர் இறக்கியவர்! "அந்தமானுக்கு விழுப்புரத்துலேர்ந்து ட்ரெயின் இருக்குதா பாப்பா?" என்று என்னிடம் கேட்டவர். "கண்ணையா, ஜல்தி வாய்யா!" என்று கூட வந்தவர்கள் கத்தியதும் நினைவிருந்தது.

மண்டபம் முழுக்க மீன் குழம்பு வாசனை. அதற்குத்தான் இந்த வேஷம் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

அத்தை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்தார். ஏதேதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு வரிசையாக மேடைக்கு அழைத்தபோது இருவரும் சேர்ந்து ஏறினார்கள்.

"பரவால்லியே, கச்சாலுக்கும் ஆள் வந்துட்டாங்க! போர்டு இருக்கட்டும்" என்றார் அப்பா மைக்கில். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாப்பாட்டுக்காகவா இந்த அம்மாவை ஏமாற்றுவது?

பந்தியில் நானும் பரிமாறினேன். அவர் இலைக்கு மீனைக் கொண்டுபோனால் கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு வேணாம் பாப்பா. சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன். அந்தம்மாவுக்கு வையி."

ரசத்தோடு முடித்துக்கொண்டு கை கழுவப் போனார். நான் அத்தையின் பக்கம் குனிந்தேன்.

"அத்தை, அவரு கச்சால் இல்ல. சேர் எறக்க வந்தவரு. பேருகூடப் பொய்யி. கண்ணையன்."

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா, கண்ணு. அப்பா காதுல விழப்போவுது. நான்தான் அவருகிட்ட கெஞ்சினேன், இன்னிக்கி ஒரு நாளு என் பக்கத்துல உக்காருங்கன்னு."

"அப்ப... சீனுவாசன்?"

அத்தை மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரு. சுனாமித் தண்ணி வடிஞ்சப்புறம் நான் மட்டும் கப்பல் ஏறினேன். அவரு கச்சால்லயே இருந்துட்டாரு."