அக்காவுக்குப் பிடிக்காத கணக்கு

"டேய் ஓர்வில், மூளை கீளை கழண்டுபோச்சா உனக்கு? காலமெல்லாம் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தை எவனாவது கொண்டுபோய்க் கம்பெனி கணக்குல கொட்டுவானா?"

வெர்னா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தம்பி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தம்பியைத் திட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போதாக்குறைக்கு அந்தப் பணம் இருப்பது அவள் வேலை பார்க்கும் பேங்கில்.

அறுபத்தொரு வயது ஓர்வில், காகித ஆலை மெக்கானிக், தலையே தூக்காமல் தூண்டில் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கொட்டல அக்கா, மாத்துறோம்" என்றாள் மார்லிஸ். ஓர்விலைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. "உங்க பேங்க் பிடிக்கிற கமிஷன் பகல் கொள்ளை. ஆலையில நடத்துற ஓய்வுக்காலத் திட்டத்துல அதுல பாதிகூடக் கிடையாது."

"செக்கை இவன் கையில குடுப்பாங்க. அறுபது நாளுக்குள்ள அங்க கட்டணும். ஏரி உறைஞ்சா ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறதைத் தவிர இவனுக்கு வேற ஞாபகம் இருக்குமா? மறந்தான்னா மொத்தத்துக்கும் வரி தீட்டிடுவான்!"

"இவர் கைக்கே வராது. கணக்கு விட்டுக் கணக்கு நேராப் போயிடும். விசாரிச்சுட்டேன்."

"எல்லாம் விசாரிச்சுட்டா மகராசி! எங்க பேங்க்ல இருக்கிற மாதிரி தனிக் கணக்குன்னா நெனச்சப்ப எடுக்கலாம். ஆலைக்காரன் ஆயிரம் சட்டம் பேசுவான். டேய், வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்டா!"

"இல்லக்கா... கமிஷன் கம்மின்னு மார்லிஸ் சொல்றா..."

"பொண்டாட்டி சொல்றாளாம்! எக்கேடோ கெட்டுப் போ!"

வெர்னா விருட்டென்று எழுந்தாள். தான் சுட்டுக் கொண்டுவந்த ருபார்ப் 'பை' பலகாரத்தில் பாதி மிச்சமிருந்தது. அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மினசோட்டாவில் இதைவிடப் பெரிய கோபம் கிடையாது.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் மார்லிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் மனசு உறுத்தியது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். கமிஷன் எல்லாம் சும்மா ஒரு சாக்கு. அந்தத் தனிக் கணக்குக்கு அக்காதானே நாமினி? நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அத்தனையும் அவங்களுக்கு. நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். ஆலைத் திட்டத்துல அப்படி இல்ல. நானாக் கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுத்தாத்தான் உண்டு, இல்லேன்னா பொண்டாட்டிக்குத்தான் பணம்னு சட்டமே இருக்கு. அக்கா குதிச்சதும் அதுக்குத்தான். கோவமா?"

ஓர்வில் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"கோவம் எதுக்கு? ஆலைத் திட்டத்துல வெளிப்பணத்தையும் சேர்த்துப்பாங்கன்னு போன மாசம் பேச்சுவாக்குல உன் காதுல போட்டதே நான்தானே! நாமினியை உன் பேருக்கு மாத்தணும்னா பேங்க்ல அக்கா கவுண்டர்லதான் போய் நிக்கணும். அவ மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் ஏது? அதான் உன்னை விட்டுச் சண்டை போட வச்சேன்!"