இரண்டாம் சேனல்

பூரணம் போட்ட மெட்டுகளெல்லாம் தங்கை சிவமலர் பெயரில்தான் கேசட்டாக வந்தன. பூரணம் இறந்தபின், பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோவில் சிவமலர் தனியாகவே ஒரு பாட்டுக்கு இசையமைத்தாள். அவள் கீபோர்டில் வாசித்தது கம்ப்யூட்டரில் முதல் சேனலில் பதிவானது. ஆனால் தினமும் காலையில் வந்து பார்த்தால், யாரும் வாசிக்காத இரண்டாம் சேனலிலும் சுரங்கள் இருந்தன. அக்கா உயிரோடிருந்தபோது வாசித்துப் பதிந்த சேனல் அது.

“செத்தும் என்னை விடமாட்டியா?” என்று முணுமுணுத்தபடி ஒரு சேனலின் சுரங்களை மட்டும் வடிகட்டும் மிடி ஃபில்டரைப் போட்டு அவற்றை நீக்குவாள். முதல் நாள் நான்கு சுரங்கள், பிறகு நாற்பது, அப்புறம் நானூறு.

கடைசி நாள் ஃபில்டரை மாற்றி, தன் வாசிப்பை நீக்கிவிட்டுக் கேட்டாள். அவளால் முடிக்க முடியாத சரணமும் சேர்ந்து, பாட்டு முழுதாக இருந்தது.

“யாரு வாசிச்சது மலர்? பிரமாதம் லா!” என்றார் ஸ்டூடியோக்காரர் அந்தோனிப்பிள்ளை.

“நான்தான் அண்ணே.”

அவர் பாட்டைப் பதிவுசெய்யக் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். கேசட் சுற்றியது. கம்ப்யூட்டர் திரையில், இரண்டாம் சேனலிலும் இப்போது ஒரு சுரம்கூட இல்லை.