ஒன்பதே கால் மணி போன்

குளிக்கிறவர்களுக்குக் கடலைத் திறந்துவிட்டு நாற்பது நாளாகிவிட்டது. ஆனால் தினமும் ஒன்பதே காலுக்கு வரும் ஒரு போனுக்கு மட்டும் அது மூடியே இருந்தது.

சுகாதார அதிகாரி மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிளார்க் அம்மா குரலைத் தாழ்த்திப் பேசுவது மூன்று நாளாக அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க, இன்னைக்கும் மூடித்தான் இருக்கு. தண்ணி சரியில்ல. யாரையும் உள்ள விடுறதில்ல."

அதிகாரிக்குச் சுருக்கென்றது.

விடியற்காலையில் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஐந்து பாட்டிலில் கடல்நீர் எடுத்து வருகிறார்கள். அது ஒரு நாள் முழுக்க, கிருமி வளரும் சூட்டில், இன்குபேட்டரில் கிடக்கிறது. மறுநாள் கிருமிகளை எண்ணிப் பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கரையில் பச்சைக் கொடி ஏறுகிறது. அத்தனையையும் இந்த அம்மா ஒரு வாய் வார்த்தையில் இல்லையென்று ஆக்கிவிடுகிறாரே!

அதிகாரி தன் சர்வீஸில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவர். போன ஊரில் ஒரு ஹோட்டல்காரர் வீடு தேடி வந்து கெஞ்சியும் சிவப்புக் கொடியை இறக்க மறுத்தவர். மாற்றல் வந்ததே அதனால்தான் என்று பேச்சு.

கடற்கரைக்கு எதிரே புதிதாக ஒரு நீச்சல்குளம் திறந்திருந்தார்கள். கடல் மூடியிருந்தால் கூட்டம் எங்கே போகும் என்று அவர் யோசித்துப் பார்த்தார். சந்தேகம் வலுத்தது.

கிளார்க் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்த ஒருத்தருக்கு மட்டும்தான் அப்படிச் சொல்வதாகவும், மற்ற எல்லாருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்வதாகவும் அவர் சொன்னார். ஏன் அப்படி என்றதற்கு, அது அவங்க வீட்டு விஷயம் சார் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபீஸ் போனில் சொன்னால் அது ஆபீஸ் விஷயம் என்றார் அதிகாரி. நாளைக்கு அந்தப் போனைத் தானே எடுப்பதாகவும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கடலிலிருந்து பனி எழுந்து ஜன்னல் வரை வந்து நின்றது. எது கரை, எது தண்ணீர் என்று தெரியவில்லை. குளிக்கிறவர்களின் சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. கிளார்க் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு, தூக்கம் முழுதாகக் கலையாதது போலவே இருந்தது.

போன் அடித்தது.

வயதான ஆண் குரல். வெகு மரியாதையான குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல மெதுவாக வந்தது. இன்றைக்குக் கடல் திறந்திருக்கிறதா என்று கேட்டது.

"திறந்து நாற்பது நாளாச்சுங்க. தண்ணி நல்லா இருக்கு. தாராளமா வரலாம்."

உண்மையைச் சொல்லிவிட்ட திருப்தியில் அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ பொண்ணைக் கூட்டிட்டு வரலாமா? எட்டு வயசு. விளையாட்டா தண்ணியை வாயில அள்ளிக்குவா. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டா."

"கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் பயமில்ல."

"போன தடவையும் அப்படி நினைச்சுத்தான் வந்தோம்." குரல் தடுமாறியது. "வீட்டுக்குத் திரும்பினப்புறம் அவளுக்கு என்னமோ ஆச்சே. என்ன ஆச்சு? உங்களுக்குத் தெரியுமா சார்?"

கிளார்க் அம்மா ஓடி வந்து ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினார்.

"அந்தப் பொண்ணு போய் முப்பத்திரண்டு வருஷமாச்சு சார்."

மீதியைக் கிசுகிசுவென்று சொல்லி முடித்தார். அன்றைக்குச் சாக்கடைக் குழாய் உடைந்து கடலில் கலந்திருக்கிறது. அப்போது தண்ணீரைச் சோதிக்க ஆபீஸும் இல்லை, எச்சரிக்கக் கொடியும் இல்லை. மூன்றாம் நாள் ஜுரத்திலேயே பிள்ளை கண்ணை மூடிவிட்டாள்.

இப்போது அப்பாவுக்கு மறதி நோய். எல்லாம் அழிந்துபோய், மகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன அந்த ஒரு காலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. தினமும் அதே காலையில்தான் கண் விழிக்கிறார். கடல் திறந்திருக்கிறது என்று கேட்டால்தான் பிறகு நடந்தது அரைகுறையாகக் கிளம்பி அவரைத் தவிக்க வைக்கிறது. கடல் மூடியிருந்த சமயம் அவர் மனைவி ஏதோ யோசனையில் இந்த ஆபீஸ் நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூடியிருக்கிறது என்று கேட்டதும் அன்று முழுக்க மனுஷன் அமைதியாக இருந்தாராம். கடல் திறந்த அன்று அந்த அம்மா இங்கே வந்து, வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, இந்த ஒரு உதவியைக் கேட்டாராம்.

போனிலிருந்து, "சார்? சார், இருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டது.

அதிகாரி கிளார்க் அம்மாவின் கையை விலக்கினார்.

"மன்னிக்கணும் சார். பழைய தாளைப் பாத்துச் சொல்லிட்டேன். இன்னைக்குத் தண்ணி சரியில்ல. கடல் மூடியிருக்கு. பாப்பாவை இறக்காதீங்க."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. நல்லவேளை சொன்னீங்க என்றது குரல். ஆனால் போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு தூரத்தில், ஏதோ ஓர் அறையைப் பார்த்து அவர் பேசுவது கேட்டது.

"இன்னைக்கு வேண்டாம்டா கண்ணு. கடல் மூடியிருக்காம். அப்பா இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து பதில் வருமா என்று, ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அதிகாரி காத்துக்கொண்டிருந்தார்.