லிட்டருக்குப் பத்து

வலது மணிக்கட்டில் கட்டுடன் 'ஸ்டியரிங்' வாசலுக்கு வந்தார். வாரப் பத்திரிகையில் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவருக்கு அதுதான் புனைபெயர்.

போன வாரம் அவர் கிழி கிழியென்று கிழித்த அதே கார் எதிரே நின்றது. இரண்டே கதவு, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கூபே. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து அதை வடிவமைத்த எஞ்சினியர் இறங்கினார். டிரைவர் சாவியை நீட்டிவிட்டு நிழல் தேடிப் போனார்.

"'லிட்டருக்குப் பத்து தாண்டாது, வேகமும் வெறும் பேச்சு'ன்னு எழுதிட்டீங்க சார். என் எதிர்ல ஓட்டிக் காட்டுங்க. தப்புன்னு தெரிஞ்சா மறுப்பு போடணும். உங்க எடிட்டரும் ஒத்துக்கிட்டார்."

"கை சுளுக்குங்க. என் வீட்டுக்காரி ஓட்டட்டும்."

எஞ்சினியர் முழங்கால் முகவாயில் முட்ட, பின்சீட்டில் மடங்கினார்.

"நீங்க போட்ட சீட்டுதானே, அனுபவிங்க!" என்றார் ஸ்டியரிங்.

டேங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். நெரிசலில் கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஊர்ந்தது. நெடுஞ்சாலையில் அவள் மிதித்த மிதியில் ஸ்டியரிங்கின் பிடரி சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

நூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு அதே பங்க்கில் மறுபடி நிரப்பினார்கள். ஐந்தே லிட்டர்தான் பிடித்தது.

ஸ்டியரிங்குக்கு முகம் செத்துவிட்டது. "இவ பூப்போல ஓட்டுவா. நான் ஓட்டினா இவ்வளவு வராது."

"அப்போ கை சரியானதும் நீங்களே ஓட்டுங்க. நான் வர்றேன்."

"மாசம் ஆகும்."

"ஆகட்டும் சார். காத்திருக்கேன்."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்க இந்தக் கூத்து? இவருக்குக் கார் ஓட்டவே தெரியாது சார். பன்னிரண்டு வருஷமா ஓட்டுறது நான், எழுதுறது இவர். நல்ல வண்டிங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!"

ஸ்டியரிங் கட்டுப் போட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"மறுப்பு என்ன சார், மன்னிப்பே எழுதுறேன். ஆனா இது வெளிய தெரிஞ்சா என் பிழைப்பு போச்சு. ஊரே சிரிக்கும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எஞ்சினியர் பின்சீட்டிலிருந்து கழுத்தை நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"எப்படி சார் சொல்வேன்? எனக்கும் ஓட்டத் தெரியாது."